இல்லை என்று வந்த தாள்

தாளைக் கையில் வாங்கியதும் முத்துப்பாண்டி சிரித்தான். மூன்று வாரமாக அந்த முகத்தில் சிரிப்பையே பார்க்காத அவன் மனைவி முனீஸ்வரிக்கு அது என்னவோ போல் இருந்தது. பழனிசெட்டிபட்டியில் கம்பம் ரோட்டோரம் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சனிக்கிழமை மத்தியானம். டாக்டர் சசிதரனுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நல்ல மாதிரி, யார் மீதும் எரிந்து விழாத மனிதர், கேட்டதற்கெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்கிறவர்.

"நெகட்டிவ்னு வந்திருக்கு. அந்தப் புழு உடம்புக்குள்ள இருந்தா அத எதுத்து ரத்தத்துல ஒரு பொருள் உண்டாகும். உங்க ரத்தத்துல அது இல்ல. அப்ப இது சாதாரண நீர்க்கட்டிதான். திங்கக்கிழமை காலையில வெறும் வயித்தோட வாங்க. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியப் போட்டுத் தண்ணிய உறிஞ்சி எடுத்துருவோம். மறுநாளே வீட்டுக்குப் போயிரலாம்."

முத்துப்பாண்டி எழுந்து நின்று கும்பிட்டான். முனீஸ்வரிக்குக் கை எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். நல்ல சேதி சொன்ன மனிதருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் இதே அறையில் நடந்ததைச் சொன்னால்தான் அவள் பயம் விளங்கும். வலது விலாவுக்கு அடியில் கல்லை வைத்துக் கட்டியது போல் பாரமாக இருக்கிறது என்று முத்துப்பாண்டி அன்றைக்கு இங்கே வந்து படுத்தான். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலுக்குள் எட்டு சென்டிமீட்டரில் உருண்டையாக ஒரு கட்டி, உள்ளே முழுக்கத் தண்ணீர். டாக்டர் அப்போதே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். சாதா நீர்க்கட்டி என்றால் பயமில்லை, ஊசி வைத்து வடித்துவிடலாம். ஆனால் ஆட்டு ஈரலிலிருந்து நாய்க்கும் நாயிடமிருந்து மனிதனுக்கும் தொற்றுகிற ஒரு புழு இருக்கிறது, அதுவும் இதே மாதிரி தண்ணீர்ப்பையாகத்தான் ஈரலில் உட்காரும். தெரியாமல் அதில் ஊசியை வைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் வயிற்றுக்குள் கசியும். கசிந்தால் சில பேருக்கு அந்த இடத்திலேயே மூச்சு நின்று உயிர் போய்விடும். தப்பித்தாலும் வயிறு முழுக்கப் புதிது புதிதாகக் கட்டி முளைக்கும். அதனால் முதலில் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"திராட்சைத் தோட்டம் சார்," என்றான் முத்துப்பாண்டி.

"ஆடு வளக்குறீங்களா?"

"இல்ல சார்."

"நாய்?"

"அதெல்லாம் எங்க வீட்டுக்கு ஆகாது சார்."

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னான். பக்கத்தில் நின்ற முனீஸ்வரி குனிந்து தன் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டாள். என்னதான் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அங்கே ஒரு கறுப்பு இருக்கத்தான் செய்யும்.

பூராப் பொய். திராட்சைத் தோட்டத்துக்கு அவன் கூலிக்குக்கூடப் போனதில்லை. முத்துப்பாண்டி கறிக்கடை எங்கே என்று ராயப்பன்பட்டியில் கண் தெரியாதவரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வருகிற கூட்டம் நேரே அங்கேதான் வந்து நிற்கும். அவன் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. உரித்த ஆட்டின் ஈரலை முன்னால் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டுத்தான் தொடைக்கறியில் கத்தி வைப்பார்கள். ஈரல் பளிச்சென்று இருந்தால் நோயில்லாத ஆடு. வருகிறவர்கள் ஈரலைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், ஒரு கிலோ என்பார்கள். அந்த ஈரல்தான் கடைக்குப் பேர்.

ஆனால் ஆடு என்ன நமக்காகவா ஈரல் வளர்க்கிறது? செம்மறி அறுத்தால் மாதத்தில் இரண்டு மூன்றிலாவது தண்ணிக்கட்டி இருக்கும். கோலிக்குண்டு அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். வெள்ளையாக, தொட்டால் தளும்பும். ஆள் வருவதற்கு முன்னால் முத்துப்பாண்டி அதைச் சுற்றியிருக்கிற சதையோடு அறுத்து, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவான். முனீஸ்வரி வாங்கிச் செவலைக்குப் போடுவாள். செவலை கடைக்குப் பின்னால் கிடக்கிற நாய். குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள், புதைக்கிற வேலைக்கு விடியற்காலையில் நேரமில்லை, நாய் வாய்க்குப் போனால் பேச்சே இல்லை. பதினைந்து வருஷமாக அவன் அறுக்க இவள் போட்டிருக்கிறாள். வெளியே தெரியக் கூடாது என்பதைத் தவிர அதில் ஒரு தப்பு இருப்பதாக இருவருக்கும் தோன்றியதே கிடையாது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் முத்துப்பாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டு வந்தான். பஸ் வீரபாண்டியைத் தாண்டுகிற வரைக்கும் முனீஸ்வரி பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏங்க, திங்கக்கெழம போனதும் டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லிருவோம்."

"என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"கடையத்தான். செவலையத்தான்."

அவன் முன் சீட்டையும் பின் சீட்டையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? ஆட்டுச் சீக்கு கறிக்கடைக்காரனுக்கே வந்துருச்சுன்னு ஒருத்தர் வாயில விழுந்தாப் போதும். அப்புறம் நம்ம கடைல கால் கிலோ வாங்க ஆள் வருமா? நாளப்பின்ன அந்தத் தெருவுல நிக்க முடியுமா?"

"உசுரு போச்சுன்னா கடை எதுக்குங்க?"

"அதான் இல்லன்னு வந்துருச்சுல்ல. நான் பொய் சொல்லிருக்கேன், சரி. ரத்தம் பொய் சொல்லுமா புள்ள?"

முனீஸ்வரி எட்டாவது வரை படித்தவள். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி, அங்கே மிஷினில் வைத்துப் பார்த்து, அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளோடு போய் இவள் என்ன மல்லுக்கட்ட? ஆனால் ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டியபோது அவள் பார்த்தாள். கறுப்பு உருண்டை, அதன் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு, அதை ஒட்டியே உள்ளுக்குள் இன்னொரு கோடு. தோலுக்குள் ஒரு தோல். தண்ணிக்கட்டியைக் கீறினால் வெளித்தோல் ஈரலோடு நின்றுவிடும், உள்ளே வெள்ளையாக முட்டைச்சவ்வு போல் இன்னொரு பை வழுக்கிக்கொண்டு வெளியே விழும். பதினைந்து வருஷம் கையில் வாங்கியவளுக்கு அது தெரியாதா? அன்றைக்கே அவளுக்கு ஈரக்குலை ஆடிப்போனது. தாள் வரட்டும் என்று பத்து நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். தாள் வந்து இல்லை என்கிறது.

சும்மா வாயால் சொன்னால் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்தது. இவள் ஒன்று சொல்வாள், பயத்தில் உளறுகிறாள் சார் என்று அவன் ஒன்று சொல்வான். டாக்டர் யாரை நம்புவார்? கொண்டுபோய்க் கண்ணுக்கு முன்னால் வைத்தால்தான் ஆகும் என்று முடிவுகட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கிடா அறுத்தார்கள். முத்துப்பாண்டியால் குனிய முடியவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, இடது கையால் விலாவை அமுக்கிக்கொண்டு வெட்டினான். முனீஸ்வரி அவன் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நாளும் வரக் கூடாது என்று கும்பிட்டவள், அன்றைக்கு ஒன்றாவது வரட்டும் சாமி என்று கும்பிட்டாள். சொல்லி வைத்தாற்போல் மூன்று ஈரலும் ஒரு பொட்டு இல்லாமல் வந்தன. கொக்கியில் தொங்கின மூன்றையும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, "முத்துப்பாண்டி கடை ஈரல்னா ஈரல்தான்," என்று சொல்லி அரைக் கிலோ வாங்கிப் போனாள். வந்ததே எரிச்சல் முனீஸ்வரிக்கு. நாசமாய்ப் போன ஈரல், தேவைப்படுகிற அன்றைக்குத்தான் இப்படி மினுக்கும் என்று மனசுக்குள் வைதாள்.

கடை ஓய்கிற நேரத்தில் பின்னால் போனாள். மகள் அபிதா, நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துப் பாதியைச் செவலைக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். செவலை பிள்ளையின் மோவாயை நக்கியது. முனீஸ்வரி காலில் கிடந்த செருப்பைக் கழற்றி நாய்மேல் எறிந்தாள்.

"ஏம்மா அடிக்கிற? அது என்ன செஞ்சுச்சு?" என்று அபிதா அழப் பார்த்தது.

"எந்திரி. போய்க் கைய மொகத்தக் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு."

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசனை வந்து நின்ற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பதுதான் சரி. ஒரு நேரத்தில் ஒரு பயத்துக்குத்தான் அவளிடம் தெம்பு இருந்தது.

சுருளிக் கோயிலில் போய் வேண்டிக்கொண்டு வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு மூன்று மணிக்குக் கம்பம் பஸ் ஏறினாள். சுருளிக்குப் போகவில்லை. கம்பத்தில் நத்தர்ஷா பாய் கடைக்குப் போனாள். மொத்த வியாபாரம், தினமும் பத்துப் பன்னிரண்டு உருப்படி அறுக்கிற கடை. ஆடு தட்டுப்படாத நாளில் முத்துப்பாண்டி அவரிடம்தான் கறி எடுப்பான். பாய் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி இந்நேரத்துல? முத்துப்பாண்டி வரலையா?"

"வரல பாய். எனக்குத் தண்ணிக்கட்டி விழுந்த ஈரல் ஒண்ணு வேணும்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நம்ம கடைல அப்படியெல்லாம் வர்றதில்லத்தா."

"எங்க கடைலயும்தான் வர்றதில்ல பாய்."

நத்தர்ஷா பாய் அவளையே பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு கறிக்கடைக்காரர் இன்னொரு கறிக்கடைக்காரரிடம் பேசாத பேச்சு இது. அவர் வெளியே எட்டிப் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஆருக்கு?"

"அவருக்கு. ஈரல்ல இருக்கு. ரத்தத்துல இல்லன்னு வந்துருச்சுன்னு நாளைக்கு ஊசி வைக்கப் போறாக. அவரு டாக்டர்ட்ட கடை இருக்கிறதையே சொல்லல." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். "வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாக பாய். கொண்டு போய்க் காட்டணும்."

பாய் உள்ளே போய் மூலையில் மூடி வைத்திருந்த வாளியிலிருந்து ஓர் ஈரல் துண்டை எடுத்து வந்தார். எலுமிச்சை அளவில் கட்டி, உடையாமல் இருந்தது. ஐஸைப் போட்டு இரண்டு பாலிதீன் பையில் சுற்றினார்.

"சாயங்காலம் பொதைக்க வச்சிருந்தேன்."

"நீங்க பொதைச்சிருவீகளா?"

"ஆமா. நாய்க்குப் போட்டா தெருநாயெல்லாம் கடைப்பக்கம் வந்து நிக்கும், நமக்கு அது ஆகாதுல்ல. அதான்." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். முனீஸ்வரிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு குழி தோண்டச் சோம்பல்பட்டதற்கா இவ்வளவு?

பையைக் கொடுத்துவிட்டு, "எங்கிட்ட வாங்குனேன்னு மட்டும் சொல்லிறாத தங்கச்சி," என்றார். பிறகு அப்படிச் சொன்னதற்கு வெட்கப்பட்டவர் போல, "ஒண்ணும் ஆகாது, நான் துவா செய்றேன்," என்று ஷட்டரை ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அதை ஐஸோடு ஒரு தூக்குச்சட்டியில் வைத்து மூடினாள். எனக்குத்தான் வெறும் வயிறு என்றார்களே, என்ன சோறு என்று முத்துப்பாண்டி கேட்டதற்கு, எனக்கும் பிள்ளைக்கும் என்றாள். அபிதாவை அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அப்பாவைப் பிள்ளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த உடனே அதை நசுக்கிப் போட்டாள். சின்னமனூர் வரை நின்றுகொண்டு வந்தார்கள். அதன் பிறகு இடம் கிடைத்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். சேலை வழியாகக் குளிர் தொடையில் இறங்கியது. எங்கே எப்படிச் சொல்வது, முதல் வார்த்தை எது என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் உருப்படியாக வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் மளமளவென்று நடந்தது. அவனுக்குப் பச்சை உடுப்பு மாட்டினார்கள். ஸ்கேன் அறைக்குள் கூட்டிப் போனார்கள். போகிற வழியில் அவன் அபிதாவின் தலையைத் தடவி, "அப்பா இந்தா வந்துருவேன்," என்றான். வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாக முனீஸ்வரி பார்த்தாள். அவன் மல்லாந்து படுத்திருந்தான். விலாப்பக்கம் மஞ்சளாக மருந்து தடவியிருந்தது. தட்டில் ஊசி இருந்தது, அவள் நினைத்ததைவிட நீளம். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

அவன் தன்னை மன்னிக்கவே மாட்டான் என்று நினைத்தாள். மன்னிக்காமல் இருக்கவாவது அவன் இருக்கட்டும் என்று நினைத்தாள். கதவைத் தள்ளினாள்.

"அம்மா, வெளிய இருங்கன்னு சொன்னேன்ல," என்று நர்ஸ் குறுக்கே வந்தாள்.

முனீஸ்வரி அவளைச் சுற்றிப் போய்க் கண்ணில் பட்ட மேஜையில் தூக்குச்சட்டியை வைத்து மூடியைத் திறந்தாள். பையைப் பிரித்தாள். பச்சை ரத்த வாடை அறையில் பரவியது.

"ஐயா, ஊசி வைக்காதீக. ஒரு தடவ இதப் பாருங்க. அவரு தோட்டக்காரர் இல்ல. நாங்க கறிக்கடை. ஈரல்ல இப்படி இருக்கிறத நாய்க்குத்தான் போடுவோம், பதினஞ்சு வருஷமாப் போடுறோம். எங்கையாலதான் போட்டேன். இதுக்கும் தோலுக்குள்ள தோலு இருக்கும். அந்த டிவில தெரிஞ்சதும் இதுதான்யா."

"ஏய்," என்றான் முத்துப்பாண்டி படுத்தபடியே. "சார், பயத்துல ஒளறுறா சார். அவள வெளிய அனுப்புங்க."

டாக்டர் மேஜைக்கு வந்து, குனிந்து, விரலால் அந்தக் கட்டியை லேசாகத் தொட்டார். அது தளும்பியது. பிறகு போய்த் திரையின் முன்னால் நின்று, கருவியை அவன் விலாவில் வைத்து அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஓரத்துக் கோட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முத்துப்பாண்டி, கறிக்கடை வச்சிருக்கீங்களா?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஆமா சார்."

"நாய்?"

"கெடக்கு சார்."

டாக்டர் நர்ஸிடம் தட்டைக் காட்டி, "இத எடுத்துட்டுப் போயிருங்க," என்றார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கையுறையின் ஒரு விரலைப் பிடித்து இழுத்தவர், கழற்ற மறந்து பாதியில் அப்படியே உட்கார்ந்திருந்ததை முனீஸ்வரி பார்த்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு பக்கத்தில் வந்து தப்பியிருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது.

"ரத்தத்துல இல்லன்னு வந்துச்சே சார்," என்றான் முத்துப்பாண்டி. இப்போதும் அவன் அதை விடவில்லை.

"சில பேருக்கு வராது. கட்டி கசியாம முழுசா இருந்தா, அது உள்ள உக்காந்திருக்கிறதே உடம்புக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தான எதுத்து ஏதாச்சும் உண்டாக்கும்? ரத்தத்துல இருக்குன்னு வந்தா ஓரளவு நம்பலாம். இல்லன்னு வர்றத மட்டும் வச்சு எதையும் சொல்ல முடியாது. ஆடும் இல்ல நாயும் இல்லன்னு நீங்க சொன்னீங்க, நானும் தாள நம்பிட்டேன். நான் இன்னும் ரெண்டு தடவ யோசிச்சிருக்கணும்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மதுரைக்கு எழுதித் தர்றேன். முதல்ல மாத்திரை. அப்புறம் ஆபரேஷன், அதுக்குன்னு தெரிஞ்சவங்க கையால. பொழைச்சுக்குவீங்க."

சத்தம் கேட்டு வாசலில் இரண்டு மூன்று பேர் கூடியிருந்தார்கள். அதில் ரத்தம் எடுக்கிற பெண் ஒருத்தி, சட்டையில் கிருபாவதி என்று பேர் குத்தியிருந்தாள். அவள் தூக்குச்சட்டியைப் பார்த்தாள், முத்துப்பாண்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க ராயப்பன்பட்டி கடைதான? எங்க வீடு ஆனைமலையன்பட்டி. எங்கம்மா ஒங்க கடைலதான ஈரல் வாங்கும்."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "சார், அதத் தின்னா எங்களுக்கும் வருமா?"

"கறி தின்னா வராது. நாய் வழியாத்தான் வரும். போய் வேலையப் பாருங்க," என்றார் டாக்டர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை ஆனைமலையன்பட்டிக்குப் போய்ச் சேரப்போவதில்லை, ராயப்பன்பட்டிக்கும் போகப்போவதில்லை. முத்துப்பாண்டிக்கு அது தெரிந்தது. கண்ணைத் திறக்காமலே, "கெடுத்துட்டியே முனீசு," என்றான். குரலில் கோபம்கூட இல்லை. கடையைத் தூக்கிக் கொடுத்து அவனை வாங்கியிருக்கிறாள். வாங்கியது போதும் என்று அந்த நிமிஷம் அவளுக்கு இருந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை இறங்கியது.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "அந்த நாய்கூட வீட்டுல வேற யாரு பழகுவாங்க?"

முனீஸ்வரி வாசல் பக்கம் திரும்பினாள். நேற்றுச் சாத்திய கதவைத் திறந்துகொண்டு அந்த யோசனை உள்ளே வந்து நின்றது. டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் பார்வை போன பக்கம் அவர் பார்வையும் போனது. திறந்து கிடந்த வாசலுக்கு அப்பால், பெஞ்சில், அபிதா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பாவுக்கு ரத்தம் எடுத்துருவோம்," என்றார் டாக்டர் மெதுவாக. "மத்தியானம் வயித்துக்கு ஒரு ஸ்கேனும் பாத்துருவோம்."

"ஸ்கேன்ல தெரிஞ்சிருமாங்கய்யா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "பெருசா இருந்தாத் தெரியும். அது வளரவே பல வருஷம் ஆகும். இப்ப ஒண்ணும் தெரியலன்னாலும் வருஷம் ஒரு தடவ பாத்துக்கிட்டே இருக்கணும்."

பக்கத்து அறையில் கிருபாவதி அபிதாவை நாற்காலியில் உட்கார வைத்து, மெல்லிய கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். சற்று முன்னால் கேட்ட கேள்விக்குப் பரிகாரம் போல் இப்போது ரொம்பப் பிரியமாகப் பேசினாள்.

"பயப்படாதீகக்கா. சின்னப் புள்ளைக்கு என்ன இருக்கப்போகுது? ஒண்ணும் இல்லன்னுதான் வரும், பாருங்க."

முனீஸ்வரி தலையை ஆட்டினாள். அந்த 'இல்லை'யைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பத்து நாளில் ஒரு தாள் வரும். மத்தியானம் ஒரு படம் வரும். இரண்டிலும் இல்லை என்றே போட்டிருந்தாலும் இன்றைக்கு ராத்திரியும் நாளை ராத்திரியும், பிள்ளை வளர்ந்து பெரிதாகிற அத்தனை ராத்திரியும் அவள் எதை நம்பித் தூங்குவாள்? தாளை நம்பாதீர்கள் என்று சட்டியைத் திறந்து காட்டியவளே அவள்தானே.

ஊசி இறங்கியது. அபிதா முகத்தைத் திருப்பவில்லை. சின்னக் குழாயில் தன் ரத்தம் ஏறுவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. முனீஸ்வரி நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பிள்ளையை அணைத்தாற்போல் கையைச் சுற்றிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டே ஈரலில் கட்டி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிற விரல்கள் அவை. அவளைக் கேட்காமலே அவை பிள்ளையின் சட்டைக்குள் போய், வலது விலா எலும்பின் அடியில் இறங்கி, மெல்ல அமுக்கி அமுக்கித் தேடின.

"அம்மா, கூசுது," என்று அபிதா நெளிந்து சிரித்தாள்.

"ஆடாத பாப்பா, ஊசி இருக்கு," என்றாள் கிருபாவதி.

முனீஸ்வரி கையை எடுக்கவில்லை.